பழைய 407 வீட்டு வண்டி: டிஸ்க் பிரேக்குக்கு முன்னால் எடை மேடை

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். 1994-ஆம் ஆண்டு டாடா 407 சிறு லாரி ஒன்றை ஏலத்தில் எடுத்திருக்கிறார். முன்பு நடமாடும் மருத்துவ வண்டியாக ஓடியது. உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் தச்சரை வைத்துச் செய்து, மனைவியோடு ஊர் சுற்றுகிறார். போன மாதம் ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது பாதி வழியில் கருகல் நாற்றம் அடித்து, பெடல் தரை வரை போய்விட்டது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ் முந்தினால் வண்டி ஆடுகிறது. பின்பக்கம் குந்திக்கொண்டு நிற்கிறது. நான்கு பட்டறையில் கேட்டதில் நான்கு யோசனை வந்திருக்கிறது: பெரிய பூஸ்டர் (பெடலை மிதிக்கும் பலத்தைக் கூட்டுவது), இப்போதுள்ள டிரம் பிரேக்குக்குப் பதில் முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் இரண்டு ஸ்பிரிங் பட்டை கூடுதலாக, இல்லையென்றால் ஸ்பிரிங்குக்குத் துணையாகச் சுமை தாங்கும் காற்றுப் பை. கையில் ஒன்றரை லட்சம் இருக்கிறது, எதை முதலில் செய்வது என்பது கேள்வி.

தம்பி, நான்கு பேர் சொன்னதும் பொய் இல்லை. நான்கும் வேலை செய்யக்கூடிய பொருள்கள்தான். ஆனால் ஒருவராவது உங்கள் வண்டியை எடை போட்டுப் பார்த்தாரா? நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன், எடை என்ற சொல்லே அதில் இல்லை.

நாளைக் காலையே ஒரு எடை மேடைக்குப் போங்கள். நம் பக்கம் கரும்பும் முந்திரியும் ஏற்றுகிற ஊர், எடை மேடைக்குப் பஞ்சமில்லை. தொட்டியில் தண்ணீர், டீசல், கேஸ் சிலிண்டர், துணிமணி எல்லாம் பயணத்துக்குப் போகிற மாதிரி ஏற்றிக்கொள்ளுங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள். மூன்று முறை எடை போட வேண்டும்: முழு வண்டி, முன் சக்கரம் மட்டும் மேடைமேல், பின் சக்கரம் மட்டும் மேடைமேல். மேடைக்காரர் எதற்கு என்று கேட்பார், சொல்லுங்கள். மூன்று சீட்டையும் ஆர்.சி. புத்தகத்தில் உள்ள மொத்த எடையோடும், அச்சுக்கு அச்சு அனுமதித்த எடையோடும் ஒப்பிடுங்கள்.

இதில் பலருக்கு அதிர்ச்சி காத்திருக்கும். 18 மி.மீ. பிளைவுட் எட்டுக்கு நான்கு அடிப் பலகை ஒன்று முப்பது கிலோவுக்கு மேல் வரும். தச்சர் வீட்டு அலமாரி செய்கிற கணக்கில் இருபது பலகை போட்டிருந்தால் அதுவே அறுநூறு கிலோவைத் தாண்டிவிடும். 300 லிட்டர் தொட்டி என்றால் 300 கிலோ. 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி இரண்டு நூறு கிலோவுக்கு மேல். நிறைந்த வீட்டு கேஸ் சிலிண்டர் ஏறத்தாழ முப்பது கிலோ. மருத்துவ வண்டியாக இருந்தபோது மேசையும் நாலு பெட்டி மருந்தும்தான் ஏற்றியிருப்பார்கள். லாரி சுமையை இறக்கிவிட்டு வெறும் வண்டியாகத் திரும்பும், அதன் பட்டைக்கு ஓய்வு உண்டு. வீட்டு வண்டிக்கு அந்த ஓய்வே இல்லை. நிறுத்தி வைத்திருக்கும் ஆறு மாதமும் முழுச் சுமையோடுதான் நிற்கிறது.

எடை எங்கே இருக்கிறது என்பதும் எவ்வளவு என்பதற்குக் குறையாத விஷயம். பின் அச்சுக்கு ஒன்றரை மீட்டர் பின்னால் 150 கிலோவை வைத்து, முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மூன்று மீட்டர் என்று கொண்டால், பின் அச்சின் மேல் 225 கிலோ ஏறும், முன் அச்சிலிருந்து 75 கிலோ குறையும். சீசா பலகை ஆடுகிற மாதிரிதான். ஸ்டியரிங் லேசாவது, பின்பக்கம் குந்துவது, பஸ் போனால் ஆடுவது மூன்றும் இந்த ஒரு தொட்டியால் வரலாம். தண்ணீர்த் தொட்டி வண்டிக்குப் பின்னாலோ கூரைமேலோ இருந்தால் அதை இரண்டு அச்சுக்கும் நடுவே, வண்டியின் உள்தரைக்குக் கீழே கொண்டுவருவதுதான் நான் சொல்லும் முதல் மாற்றம். வெல்டருக்கு ஒரு நாள் கூலி. டிஸ்க் பிரேக் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

இனி ஏற்காட்டில் நடந்ததைப் பார்ப்போம். ஐந்து டன் வண்டி மணிக்கு 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது பிரேக்குக்குப் போகும் வெப்பம் சுமார் 7 லட்சம் ஜூல். அதே வண்டி ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு 1,200 மீட்டர் இறங்குவது சுமார் 590 லட்சம் ஜூல். அதாவது 60 கி.மீ. வேகத்திலிருந்து வண்டியை எண்பத்தைந்து முறை நிறுத்துவதற்குச் சமம். நாற்பது நிமிடத்தில் இறங்கினால் அரை நிமிடத்துக்கு ஒரு முறை! இன்ஜினும் டயரும் காற்றும் அதில் ஒரு பங்கை வாங்கிக்கொள்ளும். நீங்கள் கியரை மேலே வைத்து இறங்கினால் இன்ஜின் வாங்க வேண்டிய பங்கும் சக்கரத்தோடு சுழலும் பிரேக் டிரம் தலையில் விழும். ஏறும்போது எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வது சும்மா இல்லை.

டிரம் சூடானால் விரிந்து, உள்ளிருந்து அதை உரசி நிறுத்தும் ஷூவை விட்டு விலகும். ஷூமேல் பதித்த உராய்வுத் தகடான லைனரின் பிடிமானமும் குறையும். பிரேக் ஆயில் பழையதென்றால் அதில் ஊறிய ஈரம் கொதித்து ஆவியாகும். ஆவி பஞ்சு போல அமுங்கும், பெடல் தரைக்குப் போவது அதனாலும் நடக்கும். இதில் கடைசிக் காரணம் நம் ஊருக்கே உரியது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணமுள்ளது. டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரியில்தான் கொதிக்கும், ஈரம் ஊறினால் 140-க்கு இறங்கலாம். டாட் 4 என்றால் புதிதில் 230, ஊறியபின் 155. புதுச்சேரி, கடலூர்க் காற்றில் ஆண்டுக்கு ஒரு முறை முழுவதும் மாற்றிவிட வேண்டும். உங்கள் வண்டியில் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்று ஏலம் விட்டவருக்கே தெரிந்திருக்காது. சிலிக்கோன் வகையான டாட் 5 என்று ஒன்று விற்கிறார்கள், பெயர் வரிசையில் மேலே இருக்கிறதே என்று வாங்கி இதோடு கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேராது.

ஆக, உங்கள் பிரேக் ஏற்காட்டில் தோற்றது டிரம் என்பதாலா, பராமரிப்பு இல்லாததாலா, எடையாலா, கியராலா? தெரியாது. அது தெரியாமல் டிஸ்க் போடுவது கால்வலிக்குக் கண்ணாடி மாற்றுவது போல.

முதலில் வண்டியை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். நான்கு டிரம்மையும் கழற்றச் சொல்லி, பக்கத்தில் நின்று பாருங்கள். ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பர் தொப்பியை விரலால் சற்று விலக்கினால் உள்ளே காய்ந்திருக்க வேண்டும். ஈரம் தெரிந்தால் சிலிண்டர் கசிகிறது. பின் சக்கரத்தின் குடமான ஹப்பிலிருந்து எண்ணெய் கசிந்து லைனர் கறுத்துப் பளபளப்பாக இருந்தால் அந்த லைனரைக் கழுவிப் போடாதீர்கள், தூக்கி எறியுங்கள், ஆயில் சீலை மாற்றுங்கள். டிரம்மைக் கடைசல் பிடிக்கலாம், ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. அதிகபட்ச விட்டம் டிரம்மிலேயே பொறித்திருக்கும், அல்லது சர்வீஸ் கையேட்டில் இருக்கும். எல்லை தாண்டிய டிரம் மெலிந்து வெப்பம் தாங்காது. நான்கு பேரில் மூன்று பேர் இந்த அளவைப் பார்க்காமலே கடைசல் பிடிப்பார்கள். புது லைனர் டிரம்மின் வளைவோடு முழுதும் ஒட்ட வேண்டும், நடுவில் மட்டும் தொட்டால் பிடிக்காது. ஒன்று முக்கியம்: பழைய லைனர்த் தூசியைக் காற்றடித்து ஊதவிடாதீர்கள். அந்தக் காலத்து லைனரில் கல்நார் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இரும்புப் பிரேக் குழாய் நம் கடற்கரையில் வெளியே நன்றாகத் தெரியும், கிளிப்புக்கு அடியில் அரித்திருக்கும். மரக்காணம் உப்பளங்களை ஒட்டிப் போகிற வண்டிகளில் இதை அடிக்கடி பார்த்திருக்கிறேன். கிளிப்பைக் கழற்றி நகத்தால் சுரண்டுங்கள், செதில் செதிலாக வந்தால் முழுக் குழாயையும் மாற்றுங்கள். செம்பு-நிக்கல் கலவைக் குழாய் கிடைத்தால் அதைப் போடுங்கள், துரு பிடிக்காது. வெறும் செம்புக் குழாய் வேண்டாம். ரப்பர் ஹோஸ்கள் உள்ளே வீங்கி, போன எண்ணெயைத் திரும்ப விடாமல் ஒருபக்கச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். முப்பது வருட வண்டி என்றால் யோசிக்காமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம், அதிகச் செலவில்லை.

பூஸ்டர் சரியாக இருக்கிறதா என்று நீங்களே பார்க்கலாம். இன்ஜினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு முறை அமுக்குங்கள், கெட்டியாகும். காலை அப்படியே வைத்துக்கொண்டு இன்ஜினைப் போட்டால் பெடல் சற்றே கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டர், வாக்குவம் ஹோஸ், வால்வு, வாக்குவம் பம்ப் இவற்றில் ஒன்று செத்திருக்கிறது. பூஸ்டர் வாக்குவத்தால், அதாவது வெற்றிடத்தால் வேலை செய்வது; டீசல் இன்ஜினில் அதற்குத் தனிப் பம்ப் வேண்டும், பெரிய பூஸ்டர் போட்டுப் பம்ப் தேய்ந்திருந்தால் பயன் ஒன்றுமில்லை. காலை ஒரே அழுத்தத்தில் வைத்திருக்கும்போது பெடல் மெல்ல மெல்லத் தாழ்ந்துகொண்டே போனால் எங்கோ கசிகிறது, கசிவு கண்ணுக்குப் படாவிட்டால், பெடலோடு இணைந்து எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டர் உள்ளேயே விடுகிறது.

பெரிய பூஸ்டர் பற்றி ஒரே வரி: அது கால் வலியைக் குறைக்கும், டிரம்மின் சூட்டைக் குறைக்காது. இப்போதே ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டுகிறது என்றால், பூஸ்டர் மாற்றி ஓர் அடிகூட முன்னால் நிற்காது.

டிஸ்க் பிரேக் அப்படியல்ல. மலை இறக்கத்திலும் மழையிலும் டிஸ்க் நிஜமாகவே மேல். ஆனால் டிரம் ஷூ சுழற்சியில் தானே இறுகிக்கொள்ளும் குணமுள்ளது. டிஸ்க்குக்கு அது இல்லை, அழுத்தம் அதிகம் வேண்டும். மாஸ்டர் சிலிண்டரின் அளவும், டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பரின் பிஸ்டன் பரப்பும் ஒத்துப்போக வேண்டும். டிரம்முக்கென்று குழாயில் சிறிது அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் வால்வு சில மாஸ்டர் சிலிண்டரில் இருக்கும். அதை எடுக்காமல் டிஸ்க் மாட்டினால், காலிப்பரின் உராய்வுக் கட்டையான பேடு எப்போதும் உரசிக்கொண்டே வரும், நெடுஞ்சாலையிலேயே கருகும். முன்பக்கம் பிடி கூடினால் பின்பக்கத்தோடு இருந்த விகிதமும் மாறும். வேறு வண்டியின் முன் ஹப்பைக் கொண்டுவந்து வெல்டிங் வைத்து மாட்டுகிறேன் என்பவரிடம் கேளுங்கள்: மாஸ்டர் சிலிண்டர் எந்த அளவு, இதே கணக்கில் எத்தனை வண்டிக்குச் செய்தீர்கள், அதில் ஒன்றை ஓட்டிப் பார்க்கலாமா? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் டீ குடித்துவிட்டு வந்துவிடுங்கள். அவர் காட்டும் காலிப்பர் பளபளப்பாக இருப்பது பதில் ஆகாது.

இப்போது பட்டைக்கு வருகிறேன். இதில் நான் வாங்கிய அடி ஒன்று இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன் கடலூரில் ஒரு வேன் பின்பக்கம் தாழ்ந்து வந்தது. இரண்டு பட்டை சேர்த்தேன், வண்டி ராஜா மாதிரி நிமிர்ந்தது. மூன்று வாரத்தில் திரும்பி வந்தது, முன் லைனர் இரண்டும் ஆணி தெரியத் தேய்ந்து போயிருந்தது. புது லைனர் போட்டு அனுப்பினேன். மறுபடி வந்தது. இரண்டு நாள் தலையைப் பிய்த்துக்கொண்டு, கடைசியில் பின் அச்சுக்கு மேலே டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் அந்தச் சின்ன வால்வு கண்ணில் பட்டது. வண்டியின் சேஸிஸ் சட்டத்தில் வால்வு, அதிலிருந்து ஒரு நெம்புகோல், நெம்புகோலிலிருந்து அச்சுக்கு ஒரு கம்பி. சுமை ஏறி உடல் தாழ்ந்தால் நெம்புகோல் நகர்ந்து பின் பிரேக்குக்கு அதிக அழுத்தம் விடும். உடல் உயர்ந்தால் வண்டி காலி என்று நினைத்து அழுத்தத்தைக் குறைக்கும். நான் பட்டை சேர்த்து உடலை உயர்த்தியதில், முழுச் சுமையோடு போகிற வண்டியைக் காலி வண்டி என்று அந்த வால்வு நம்பிக்கொண்டிருந்தது. நிறுத்துகிற வேலை முழுதும் முன் சக்கரத்தின் மேல். பிரேக் பக்கத்தில் நான் கையே வைக்கவில்லை, ஆனால் பிரேக்கைக் கெடுத்தது நான்தான்.

இதே பாடத்தை அமெரிக்காவின் பழைய வீட்டு வண்டிகளில் ஒன்றும் சொல்கிறது. 1973 முதல் 1978 வரை ஜி.எம்.சி. ஒரு மோட்டார் ஹோம் செய்தது. முன்சக்கர இழுப்பு, பின்னால் பக்கத்துக்கு இரண்டு சக்கரம் ஒன்றன்பின் ஒன்றாக, நடுவில் காற்றுப் பை. அந்த இரண்டு சக்கரத்தின் கைகளும் எதிரெதிர்த் திசையில் நீண்டிருக்கும். பிரேக் பிடிக்கும்போது அந்த முறுக்கு கைகளின் வழியே போய் ஒரு ஜோடிச் சக்கரத்தை அழுத்தும், மற்றதைத் தூக்கும். தூக்கிய சக்கரத்துக்கு எவ்வளவு பெரிய பிரேக் வைத்தால் என்ன, அது பூட்டி வழுக்கத்தான் செய்யும். அதனால் அங்கே முறுக்கைக் கையிலிருந்து எடுத்துச் சட்டத்துக்குக் கடத்தும் தனித் தண்டு ஒன்றைப் பொருத்தும் வழக்கம் வந்தது. பிரேக்கும் சஸ்பென்ஷனும் தனித்தனிக் கணக்கு என்று நினைக்கிறவர் அந்த வண்டியின் அடியில் ஒருமுறை படுத்துப் பார்க்க வேண்டும்.

உங்கள் வண்டியில் குந்துவதும் ஆடுவதும் ஒரே நோய் அல்ல. தாழ்வது பட்டையின் வேலை. மேடு ஏறி இறங்கியபின் நாலைந்து முறை மிதப்பது ஷாக் அப்சார்பரின் வேலை. வளைவில் சாய்வது, இடது வலதுச் சக்கரங்களை இணைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் வேலை. வேகத்தடை ஒன்றை மெதுவாகத் தாண்டுங்கள் (நம் ஊரில் அதற்குமா பஞ்சம்?). இறங்கியபின் ஒன்றரை அசைவில் அடங்கினால் ஷாக் நன்றாக இருக்கிறது. பஸ் முந்தும்போது ஆடுவதற்கு ஷாக்கைத் தவிரத் தேய்ந்த ஷாக்கிள் புஷ் (பட்டை முனையில் இருப்பது), தளர்ந்த யு போல்ட் (பட்டையை அச்சோடு கட்டுவது), கிங் பின் (முன் சக்கரம் திரும்பும் முளை), டயரின் வயது எல்லாம் காரணமாகலாம். டயரின் பக்கவாட்டில் நான்கு எண் இருக்கும், 3215 என்றால் 2015-ஆம் ஆண்டின் 32-ஆம் வாரம். வீட்டு வண்டியின் டயர் தேய்ந்து சாவதில்லை, வயதாகிச் சாகும். பூ முழுதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடாதீர்கள். பின்னால் ஜோடியாக உள்ள டயர்கள் ஒரே அளவும் ஒரே காற்றழுத்தமும் உள்ளவையாக இருக்க வேண்டும்.

பட்டையைப் பொறுத்தவரை, வளைவு போனதைத் தட்டி நிமிர்த்துவது சில மாதத்துக்குத்தான். புதுப் பட்டைக் கட்டு போடுங்கள், பழைய அளவிலேயே. எடைச்சீட்டு வந்தபிறகு, அச்சின் வரம்புக்குள் இருந்தும் தாழ்கிறது என்றால் ஒரு பட்டை சேர்ப்பதை யோசிக்கலாம். காற்றுப் பை எனக்குப் பிடித்த பொருள், சுமைக்கேற்பக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் இடதுக்கும் வலதுக்கும் ஒரே குழாயில் இணைப்பு கொடுத்தால் வளைவில் அமுங்கும் பக்கத்துக் காற்று மறுபக்கம் ஓடிவிடும், சாய்வு கூடும். தனித்தனிக் குழாய், தனித்தனி வால்வு என்று கறாராகச் சொல்லுங்கள். இன்னொன்று: பட்டையும் பையும் வண்டியை உயர்த்தும், அச்சின் வலிமையை உயர்த்தாது. நிமிர்ந்து நிற்கிறதே என்று இன்னும் நூறு கிலோ ஏற்றினால் உடைவது அச்சோ டயரோ.

செய்த வேலை பலன் தந்ததா என்று எப்படி அறிவது? வேலைக்கு முன்னும் பின்னும் ஒரே சோதனை. ஆளில்லாத நேரான சாலையில், அதிகாலையில், பின்னால் யாரும் வரவில்லை என்று உறுதி செய்துகொண்டு, 60-இலிருந்து சீராக நிறுத்தித் தூரத்தை அளந்து எழுதுங்கள். நல்ல நிலையிலுள்ள இப்படிப்பட்ட வண்டி சுமார் முப்பது மீட்டரில் நிற்க வேண்டும், ஓட்டுநர் யோசிக்கும் நேரம் தனி. பிறகு பத்து முறை தொடர்ந்து நிறுத்தி, தொடாமல் வெப்பம் அளக்கும் கருவியை டிரம்மில் காட்டுங்கள். இடமும் வலமும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் குளிர்ந்திருந்தால் அந்தச் சக்கரம் வேலை செய்யவில்லை. ஒரு பக்கம் தகித்தால் அது விடுவதே இல்லை. புதுச்சேரியில் இறக்கம் என்று சொல்ல கோரிமேடு ஒன்றுதான் இருக்கிறது, அதனால் சூட்டில் பிரேக் எப்படி நடக்கும் என்பதை இந்தப் பத்து நிறுத்தம்தான் காட்டும்.

உங்கள் ஒன்றரை லட்சத்தில் முதல் பங்கு இப்படிப் போகட்டும்: தொட்டி இடமாற்றம், பிரேக் முழுப் புதுப்பிப்பு, பட்டைக் கட்டு, புஷ், ஷாக், பழைய டயர் என்றால் டயர். மிச்சம் இருந்தால் ஸ்டெபிலைசர் பார். மலைக்கே அடிக்கடி போவீர்கள் என்றால் எக்ஸாஸ்ட் பிரேக் (புகை வழியை அடைத்து இன்ஜினாலேயே வண்டியை இழுத்துப் பிடிப்பது) பற்றி அந்த இன்ஜினை நன்கு அறிந்தவரிடம் கேளுங்கள், டிரம்முக்கு வர வேண்டிய சூட்டை அது பங்கு போட்டுக்கொள்ளும். டிஸ்க் அதற்கும் பின்னால்.

காகித வேலையும் உண்டு. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. மருத்துவ வண்டி வீட்டு வண்டியானது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா என்று போக்குவரத்துத் துறை அலுவலகத்தில் பாருங்கள். முன் ஹப்பையே மாற்றினால் காப்பீட்டுக்காரரும் கேள்வி கேட்பார். ‘விண்டேஜ் வண்டி, சலுகை உண்டு’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2021-இல் வந்த விதிப்படி முதல் பதிவிலிருந்து ஐம்பது ஆண்டு தாண்டிய வண்டிதான் விண்டேஜ், அதையும் அன்றாடம் ஓட்டக் கூடாது. உங்களுடையது வெறும் பழைய வண்டி.

எடைச்சீட்டு மூன்றையும் பார்த்துவிட்டு எழுதுங்கள். கூடவே வண்டிக்கு அடியில் போய்ப் பின் அச்சுக்கு மேலே டார்ச் அடித்து, அந்த நெம்புகோல் இருக்கிறதா, இருந்தால் அதன் கம்பி இன்னும் மாட்டியிருக்கிறதா, இல்லை யாராவது கட்டுக்கம்பியால் இழுத்துக் கட்டிவிட்டார்களா என்று பார்த்து அதையும் எழுதுங்கள். ஏற்காடு அதற்குப் பிறகு.